எங்க மலைக்கு ஆள் வரலாமா வேணாமா? ஓடைத் தண்ணி குடிக்கிற ஊருக்காரன் கேக்குறேன்

அடிவாரத்துப்பய

எல்லாருக்கும் வணக்கம். கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவுல மலையடிவாரத்துல ஒரு சின்ன ஊரு எங்களோடது. ஊர் பேரு போட வேணாம்னு பாக்குறேன், போட்டா அடுத்த சனிக்கெழமையே இன்னும் நூறு பைக்கு வந்து நிக்கும். கிழக்க பாத்தா மேகமலை, மேக்க பாத்தா கேரளா மலை, நடுவுல வயக்காடும் திராட்சைப் பந்தலும், அதான் எங்க நாடு.

மேல சோலைக்குள்ள இருந்து ஒரு ஓடை இறங்கி வருது. எங்க தாத்தா காலத்துல இருந்து ஊரு குடிக்கிறது அந்தத் தண்ணிதான், இப்பயும் பஞ்சாயத்து தொட்டிக்கு பைப்பு அங்க இருந்துதான் வருது. மூணு வருசம் முன்னாடி வரைக்கும் அங்கிட்டு போறது யாருன்னா ஆடு மேய்க்கிறவுக, தேனுக்குப் போற பளியர் பழங்குடி ஆளுக, லீவு விட்டா எங்கள மாதிரி பயலுக, அம்புட்டுதான். அப்புறம் யாரோ வீடியோ எடுத்துப் போட்டு அது ஓடு ஓடுன்னு ஓடி, இப்ப சனி ஞாயிறு ஆச்சுன்னா மதுரைல இருந்து, திண்டுக்கல்ல இருந்து, குமுளி தாண்டி அங்கிட்டு இருந்தெல்லாம் வாராய்ங்க. வரட்டும், வேணாங்கல. ஆனா வந்து என்ன பண்றாய்ங்கன்னா பைப்பு வாயிக்கு மேலயே எண்ணெய் தேச்சுக் குளிக்கிறது, ஷாம்பு பாக்கெட்ட அங்கயே போடுறது, பிரியாணிய தின்னுட்டு மிச்சத்த பாறைல கொட்டுறது, பாட்டில உடைக்கிறது. மிச்ச சோத்துக்கு கொரங்கு ஊருக்குள்ள எறங்கிருச்சு. போன மாசம் என் தங்கச்சி மகன் கால்ல சில்லு ஏறி நாலு தையல். பச்சப்புள்ள கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. அதே மணல்ல மறுநா காலைல யானைத் தடம் பாத்தேன், குட்டித் தடமும் கூட இருந்துச்சு. அது கால்ல ஏறுனா யாரு தையல் போடுவா?

ஊருக்குள்ள இப்ப ரெண்டு கட்சி ஆயிருச்சு. பெரியவுக எல்லாம் கேட்டைப் போட்டு மூடு, ஒருத்தனையும் விடாதங்குறாக. எளவட்டம் பூராம், வர்றவன் வரட்டும், பார்க்கிங்குக்கு அம்பது ரூவா வாங்குவோம், கடை போடுவோம்ங்குறாய்ங்க. என் சித்தப்பா மகனே அங்க ஆம்லெட் கடை போட்டுருக்கான், தோட்ட வேலை இல்லாத நாள்ல அந்தக் காசுலதான் அவன் வீட்ல அடுப்பு எரியுது, அவன போடாதன்னு எந்த வாயால சொல்றது. எனக்கும் அங்க போயி பாறைல உக்காந்தாத்தான் மனசு ஆறும், நீச்சல் கத்துக்கிட்டதே அந்த ஓடைல ஆழமா தண்ணி தேங்குற கசத்துலதான். நமக்கு வேணும் அடுத்தவனுக்கு வேணாம்னு சொல்றதும் சரியாப் படல.

அக்டோபர் 2 கிராமசபை வருது. அதுல ஏதாவது தீர்மானம் போடணும்னு பேச்சு. ஆளும் வரணும், காட்டு சீவனும் இருக்கணும், தண்ணியும் கெடக்கூடாது. மூணும் சேந்து நடக்குற எடம் எங்கயாவது இருக்கா? இருந்தா எப்படி நடக்குது? தெரிஞ்சவுக சொல்லுங்க, படிக்கிறதுக்கு எம்புட்டு நீளமா இருந்தாலும் பரவால்ல.

குமுளி ஏலக்காடு

தம்பி, நான் குமுளி. எங்கப்பா கம்பத்துல இருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புல ஏறி வந்தவரு, அப்படியே இங்கயே தங்கிட்டோம். நீ கேட்டதுக்கு எடம் இருக்கு, உங்க மலைக்கு அந்தப் பக்கமே இருக்கு.

பெரியாறு காட்டுக்குள்ள வயணப்பட்டை வெட்டப் போற ஆளுக முன்னாடி நெறைய. மசாலாவுக்குப் போடுற பட்டை, அதுக்காக மரத்தையே உரிச்சுப் போட்டுருவாங்க, மரம் நின்னபடியே காஞ்சு போகும். அவங்க மேல கேஸு, ஓட்டம், ஒளிச்சல், வீட்ல பொண்டாட்டி பிள்ளைக்கு நிம்மதி கிடையாது. 90கள்ல சூழல் மேம்பாட்டுத் திட்டம்னு ஒண்ணு வந்தப்ப வனத்துறைல சில நல்ல அதிகாரிங்க இவங்கள கூப்ட்டு உக்கார வச்சு பேசுனாங்க. கத்திய வச்சிருங்க, கேஸ முடிச்சு விடுறோம், காட்டுக்குள்ள ஆளுகளக் கூட்டிட்டுப் போற வேலைய நீங்களே பாருங்கன்னு. முன்னாள் வயணப்பட்டை வெட்டுறவங்க கமிட்டின்னே அதுக்குப் பேரு. எந்தத் தடத்துல மரம் வெட்டப் போனாங்களோ அதே தடத்துல டெண்ட் சுமந்து வெளிநாட்டுக்காரனக் கூட்டிட்டுப் போறாங்க. ஒரு தடவைக்கு அஞ்சாறு பேருதான், அதே அளவுக்கு கைடும் உண்டு, கூட துப்பாக்கியோட ஒரு வாட்சர். நடக்குறப்பவே யாராவது கண்ணி வச்சிருக்கானா, புதுசா மரம் வெட்டுன தடம் இருக்கான்னு பாத்துக்கிட்டேதான் போவாங்க. திருட்டுத் தடம் எதுன்னு அவங்களுக்குத் தெரியுற மாதிரி வேற யாருக்குத் தெரியும்?

பொம்பளைங்க ஒரு கூட்டம் இருக்கு, வசந்தசேனான்னு பேரு, 2002ல இருந்து. சம்பளம் கிடையாது. முறை வச்சு காட்டுக்குள்ள ரோந்து போறாங்க, சந்தன மரத்துக்குக் காவல். வீட்டு வேலை, தோட்ட வேலை எல்லாம் முடிச்சுட்டு போறாங்க தம்பி. நான் அவங்க நடந்து போறத பாக்குறப்பல்லாம் எந்திரிச்சு நிப்பேன்.

முக்கியமான விசயம் காசு. டிக்கெட்டு காசு நேரா கஜானாவுக்குப் போயிட்டா ஊர்க்காரனுக்கு அந்தக் காட்டு மேல என்ன பிடிப்பு இருக்கும்? இங்க 2004ல பெரியாறு பவுண்டேசன்னு தனியா ஆரம்பிச்சு காசு காட்டுக்கும் சுத்தி இருக்குற சனங்களுக்கும் திரும்ப வர்ற மாதிரி பண்ணாங்க. அதுக்கப்புறம் 2006ல புலிக் காப்பகத்துக்கெல்லாம் இந்த மாதிரி அறக்கட்டளை வைக்கணும்னு சட்டத்துலயே வந்துருச்சு. உங்க பக்கமும் 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் தானே, அதனால இது உங்களுக்கும் பொருந்தும், போயி கேளுங்க.

எல்லாம் சரியா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். 2009 செப்டம்பர் 30 சாயந்தரம் தேக்கடில படகு கவுந்து 45 பேரு போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி இந்த ஊர்ல யாரும் தூங்கல. மிருகம் தெரிஞ்சதும் எல்லாரும் ஒரே பக்கம் எந்திரிச்சுப் போனாங்கன்னு பேச்சு, படகு செஞ்ச விதத்துலயும் கோளாறுன்னு சொன்னாங்க. அதுல இருந்து நான் ஒண்ணே ஒண்ணுதான் யாருகிட்டயும் சொல்றது, எத்தன பேருங்குற எண்ணிக்கைய மொதல்ல எழுது, மத்ததெல்லாம் அப்புறம் பேசு. நம்ம மங்கலதேவி கண்ணகி கோயில்ல பாருங்க, வருசத்துல சித்ரா பௌர்ணமி அன்னைக்கு ஒரே நாள், தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் உக்காந்து பேசி, காலைல விட்டு சாயந்தரம் எல்லாரையும் எறக்கிருவாங்க. சாமிக்கே நேரம் வச்சிருக்கோம், கசத்துல குளிக்கிறதுக்கு வைக்கக்கூடாதா?

போடி மலைக்காத்து

குமுளி அண்ணன் சொன்னது அவுக எடத்துக்கு சரி. நான் வேற மாதிரி சொல்லுறேன், கோவிச்சுக்காதீங்க. மூடுறதுதான் நல்லது.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கெழமை. குரங்கணி மேல தீ. எங்க வீட்டு மாடில இருந்து புகை தெரிஞ்சுச்சு. சாயந்தரம் ஆம்புலன்ஸ் சத்தம் ஆரம்பிச்சது ராத்திரி பூராம் நிக்கல. மலை ஏற வந்த சின்னப் புள்ளைக, வேலைக்குப் போற பொண்ணுக, இருபதுக்கு மேல உசுரு. காஞ்ச போதப்புல்லு, சரிவு, காத்து மூணும் சேந்தா மனுசன் ஓடி ஜெயிக்க முடியாது, தீ மேட்டுப் பக்கம்தான் வேகமா ஏறும், இவங்களுக்கு அது தெரியாது, பதறி ஓடிருக்காங்க. மலை தெரிஞ்ச ஆளு ஒருத்தர் சொல்லிருந்தா கரிஞ்ச பக்கத்துக்கு தள்ளிப் போயிருப்பாங்கன்னு இன்னைக்கும் நெனப்பேன்.

தம்பி, நீ தண்ணி தண்ணிங்குற. ஒரு சரிவு எரிஞ்சா தண்ணிக்கு என்ன ஆகும்னு நான் பாத்துருக்கேன். மொதல் கோடை மழைக்கே மேல்மண்ணு பூராம் கரைஞ்சு செம்மண் கலரா எறங்கும், ஓடைல குண்டு குண்டா இருந்த குழியெல்லாம் மண்ணு மூடிரும். அப்புறம் அந்த எடத்துல புல்ல அமுக்கிட்டு உண்ணிச்செடி மண்டுறதும் உண்டு, அது அடர்ந்துட்டா மானும் மாடும் மேய வழியில்ல. எல்லாத்துக்கும் ஒரே ஒரு பீடித்துண்டு போதும்.

அப்புறம் யானை. 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ள வந்தத மறந்துருக்க மாட்டீங்க. சின்னக்கானல்ல புடிச்சு பெரியாறுல விட்டாங்க, அது மேகமலை சுத்தி கம்பத்துக்கு வந்துச்சு, ஒரு மனுசன் உசுரு போச்சு, கடைசில ஜூன்ல மறுபடியும் மயக்க ஊசி போட்டு களக்காடு முண்டந்துறை பக்கம் கொண்டு போனாங்க. அத வில்லன் மாதிரி பேசுனாங்க. எனக்கு அந்த லாரில நின்ன யானையப் பாக்கவே மனசு பொறுக்கல. பழகுன தடமெல்லாம் தோட்டமும் ரோடும் ஆனா அது எங்கிட்டு போகும்? உன் ஓடை மணல்ல குட்டித் தடம் இருக்குன்னா அது அதுங்க தண்ணி குடிக்கிற எடம். நம்ம போறது அதுங்க அடுப்படிக்குள்ள போறதுக்கு சமம்.

முழுசா மூட முடியலன்னா இதையாவது பண்ணுங்க. பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஒருத்தனும் ஏறக்கூடாது. சாயந்தரம் நாலு மணிக்கு மேல யாரும் இருக்கக்கூடாது. அடுப்பு, பீடி, சிகரெட்டு எதுவும் ஆகாது. 2024ல தமிழ்நாடு வனத்துறையே 40 பாதை வச்சு மலையேற்றத் திட்டம் ஆரம்பிச்சாங்கல்ல, அதுலயே தீ பருவத்துல மூடிருவாங்க. ஆன்லைன்ல பதிவு பண்ணணும், உள்ளூர் ஆளுதான் கைடு. அதுவாச்சும் நம்ம புள்ளைகளுக்கு முன்னாடியே வந்துருக்கணும்.

சின்னமனூர் அக்கா

தம்பி உன் பதிவுல ஒரு வரிலதான் எனக்கு கண்ணு நின்னுச்சு. "பைப்பு வாயிக்கு மேலயே குளிக்கிறது". நீ திறக்கணுமா மூடணுமான்னு கேக்குற, அதுக்கு முன்னாடி நான் கேக்குறேன், எந்த எடத்துல?

நான் பஞ்சாயத்துல தண்ணி டெஸ்ட் பண்ணுற அஞ்சு பொம்பளைகள்ல ஒருத்தி. ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பேருக்கு பயிற்சி குடுத்து ஒரு பெட்டி குடுத்தாங்க. அதுல ஹெச்டூஎஸ் பாட்டில்னு ஒரு சின்ன குப்பி இருக்கு, தண்ணிய ஊத்தி மூடி வச்சா கிருமி இருந்தா ஒரு நா ரெண்டு நாள்ல கருப்பா மாறும். உங்க ஊர்லயும் இருக்கும், பஞ்சாயத்து ஆபீஸ் பீரோல தூங்கிக்கிட்டு இருக்கும், கேட்டு வாங்கு. வெள்ளிக்கெழம காலைல ஒண்ணு எடு, ஞாயிறு சாயந்தரம் ஒண்ணு எடு, பைப்பு வாயிக்கு மேல தனியா, கீழ தனியா. தேதி நேரம் எழுதி போட்டோ எடு. கிராமசபைல கருப்பு குப்பியும் தெளிஞ்ச குப்பியும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு, ரெண்டு கட்சியும் வாயடைச்சுப் போகும். நான் எங்கூர்ல ஒரு தெரு பைப்புக்கு இதத்தான் பண்ணேன், ஆறு மாசம் மனு குடுத்து நடக்காதது அந்தக் குப்பியக் காட்டுன மறுவாரம் நடந்துச்சு.

இந்த சோலை எப்படி தண்ணி குடுக்குதுன்னு நெறைய பேரு நெனைச்சுக்கிட்டு இருக்குறது மழை பெஞ்சா ஓடை ஓடும்னு. அப்படி இல்ல. பெய்யுற மழைய எல படுக்கை வாங்கி, வேரு வழியா மண்ணுக்குள்ள எறக்கி, பாறை இடுக்குல சேத்து வச்சு மெதுவா விடுது. அதனாலதான் மாசி பங்குனிலயும் சன்னமா ஒழுகுது. ஒரே தடத்துல தெனம் நூறு காலு மிதிச்சா அந்த எடம் களம் மாதிரி இறுகிரும், தண்ணி உள்ள எறங்காது, வழிஞ்சு ஓடிரும். நம்ம வைகைக்கு இந்த மலையும் வருசநாட்டு மலையும்தான் தாய்வீடு. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் போற தண்ணி. நீ ஒரு ஊரு தண்ணிய மட்டும் காப்பாத்தல, அத நெனச்சுக்க.

அதனால எனக்குத் தோணுறது ஒண்ணு. பைப்பு வாயிக்கு மேல மனுசன் போகவே கூடாது, அது யானைக்கும் இருவாச்சிப் பறவைக்கும் சோலைமந்திக் கொரங்குக்கும் விட்டுரணும். குளிக்கிறதுக்கு கீழ ஒரு கசத்த ஒதுக்குங்க. சோப்பு ஷாம்பு எண்ணெய் அங்கயும் ஆகாது, கீழ வயக்காட்டுக்குத்தான அது போகுது. கக்கூஸ் ஓடைய விட்டு நல்லா தள்ளி ஊருப் பக்கமா இருக்கணும், இத எல்லாரும் மறந்துருவாங்க, பொம்பளைக வர்ற எடத்துல அது இல்லன்னா அவுக எங்க போவாக? ஆம்லெட் கடையும் அந்த கக்கூஸ் பக்கத்துலயே ஊருக்குள்ள வரட்டும், மலைல சமையலே வேணாம், அவனுக்கும் காசு வரும்.

அகளி செல்வன்

வணக்கமுங்க. நான் அட்டப்பாடி. பாலக்காடு ஜில்லா, ஆனா நாங்க தமிழ் பேசுறவங்க, கோயமுத்தூரு எங்களுக்கு பக்கமுங்க.

காடு போனா தண்ணி போகும்ங்குறத நாங்க அனுபவிச்சே பாத்தவங்க. எங்க கிழக்கு அட்டப்பாடி மலையெல்லாம் மொட்டை ஆகி, கொடுங்கரைப்பள்ளம் வத்திப் போச்சுங்க. ஆறு இருந்த எடத்துல மணலும் கல்லும்தான். அப்பறம் 90கள்ல அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சி சொசைட்டின்னு வந்து, ஜப்பான் கடன்ல, ஊரு ஊரா ஆதிவாசி மக்களையே கமிட்டியா போட்டு தடுப்பணை கட்டி மரம் வச்சு தீ வராம காவல் காத்தாங்க. சில வருசத்துல பள்ளத்துல திரும்ப தண்ணி ஓடுச்சுங்க. எங்கம்மா அன்னைக்கு போயி தண்ணிய அள்ளி தலைல தெளிச்சுக்கிட்டு வந்தாங்க, சாமி தீர்த்தம் மாதிரி.

இன்னொண்ணு, சைலண்ட் வேலி எங்க பக்கத்துலதான் இருக்குது. அணை கட்டப் போறோம்னு வந்தப்ப பெரிய போராட்டம் நடந்து, 1984ல தேசியப் பூங்கா ஆச்சுங்க. இப்பவும் ஆளுங்க போறாங்க, யாரையும் தடுக்கல. ஆனா முக்காலில வண்டிய நிறுத்திரணும், அங்கிருந்து வனத்துறை ஏற்பாடு பண்ற வண்டில, கைடு ஒருத்தரோடதான் சைரந்திரி வரைக்கும். ஒரு ரோடு, ஒரு கோபுரம், பாத்துட்டு திரும்பிரணும். காட்டோட மிச்ச பெரும்பகுதிய யாரும் தொடுறதில்லைங்க. வர்றவங்க குறை சொல்றதில்ல, அந்த அமைதிய கேட்டுட்டு போறாங்க. நீங்களும் வண்டிய ஊருக்கு வெளியவே நிறுத்துங்க தம்பி, பைக்கு சத்தம் நின்னாலே பாதி கூட்டம் தானா வடியும், நெசமாவே மலை பாக்க வர்றவங்க மட்டும் நடந்து வருவாங்க.

பளியருங்கள பத்தி நீங்க ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க. அவங்கள கேக்காம எந்தத் தீர்மானமும் போடாதீங்க. 2006 வன உரிமைச் சட்டத்துல அவங்களுக்கு அந்தக் காட்டுல உரிமை இருக்குது. நாம பாதைய அடைச்சு கேட் போட்டா அவங்க தேனெடுக்கப் போற தடத்துலயும் அடைப்பு விழுந்துரும். இங்க அந்தத் தப்பு நடந்திருக்குதுங்க.

மனு எழுதுறவன்

சட்டப்படி ஒரு விசயம். அந்த எடம் காப்புக்காடா இருந்தா பஞ்சாயத்து தனியா டிக்கெட்டும் போட முடியாது, பார்க்கிங்கும் வாங்க முடியாது, அனுமதி இல்லாம உள்ள போறதே குத்தம். எளவட்டம் வாங்குற அம்பது ரூவாய இப்பவே நிறுத்தச் சொல்லுங்க, நாளைக்கு கேஸு வந்தா அவன் தலைலதான் விழும். காப்பகத்துல மையப்பகுதியா வெளிவட்டமான்னு ரேஞ்சர் ஆபீஸ்ல கேளுங்க, மையப்பகுதின்னா இன்னும் இறுக்கம். தீர்மானத்துல "வனத்துறையோட சேர்ந்து கிராம வனக்குழு மூலமா"ன்னு எழுதணும், கூடவே பஞ்சாயத்தோட பல்லுயிர் மேலாண்மைக் குழு இருந்தா அதையும் இழுங்க, 2002 சட்டத்துல அது எல்லா பஞ்சாயத்துக்கும் இருக்கணும். டாஸ்மாக் பாட்டிலுக்கு நீலகிரில 2022ல இருந்து கூட பத்து ரூவா வாங்கிட்டு காலி பாட்டில் குடுத்தா திருப்பித் தர்றாங்க, பெரும்பகுதி பாட்டில் திரும்பி வருது. அந்த மாதிரி உங்க எல்லைலயும் வர்றவன் பைல இருக்குற பாட்டில எண்ணி உள்ள விட்டு எண்ணி வெளிய விடலாம், அதுக்கு ரெண்டு ஆளுக்கு வேலையும் ஆச்சு.

அடிவாரத்துப்பய

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் கும்புடுறேன். நேத்து ராத்திரி இத பூராம் என் சித்தப்பா மகனுக்கு வாசிச்சுக் காட்டுனேன். போடி அண்ணன் எழுதுனதுக்கு ஒண்ணும் பேசாம இருந்தான். ஆம்லெட் கடைய ஊர் எல்லைக்கு கொண்டு வந்துருறேன்னு அவனே சொல்லிட்டான்.

இன்னைக்கு காலைல நானும் அவனும் பளியர் குடில ஒரு பெரியவரு, எல்லாரும் பாட்டைய்யான்னு கூப்புடுவோம், அவரக் கூட்டிட்டு பைப்பு வாயி வரைக்கும் போனோம். அவரு ஒரு பாறையக் காட்டி, யானை எறங்குறது இந்த வழி, இதுக்குக் கீழ ஆள வைங்க, மேல வேணாம்னாரு. அக்கா சொன்ன எடமும் அதுவும் ஒண்ணாவே வந்துருச்சு. கீழ ரெண்டு கசம் இருக்கு, அதுல ஒண்ணு ஆழம் கம்மி, சின்னப் புள்ளைகளுக்கும் ஆகும். ஒரு நாளைக்கு எத்தன பேருன்னு மட்டும் முடிவாகல, நான் அறுபதுன்னேன், அவரு முப்பதுன்னாரு. முப்பதுன்னே எழுதப் போறேன்.

குப்பி பஞ்சாயத்து பீரோல இருந்துச்சு அக்கா, ஆனா தேதி முடிஞ்சு போயிருக்கு. புதுசு எங்க கேக்குறது?

சின்னமனூர் அக்கா

தேதி முடிஞ்சத ஊத்தாத, தப்பா காட்டும். ஜில்லா குடிநீர் வடிகால் வாரிய லேப்ல கேளு, எழுதிக் குடுத்தா தருவாங்க. அது வர நாளாகும், எங்கிட்ட நாலு குப்பி மிச்சம் இருக்கு, வெள்ளிக்கெழம கம்பம் சந்தைக்கு வாரேன், பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்க. பாட்டைய்யாவையும் கிராமசபைக்கு கூட்டிட்டு வா, மொதல்ல அவர பேசச் சொல்லு.